பன்னிரண்டு பாறைக்கு இருபது நிமிடம்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைக்கு ஒரு நாள் பஸ் டூர் போனேன், பார்த்தது கடலை அல்ல, முன் சீட்டுக்காரரின் தலையை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாறையும் மண்வெட்டியுமாக மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலை, செத்துப்போன தோழர்களுக்கு அவர்கள் வைத்த நினைவுச்சின்னம் அதுதான். வழிகாட்டி இதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, சாக்லேட் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்தினார். (சாக்லேட் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.)

அப்புறம் ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ். பெயரில்தான் பன்னிரண்டு, கடலில் நிற்கும் பாறைத்தூண்கள் எப்போதுமே அவ்வளவு இருந்ததில்லை, 2005-ல் ஒன்று இடிந்தும் விழுந்தது. அலை அரித்து அரித்துச் செதுக்கிய சுண்ணாம்புப் பாறை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டாமா? இருபது நிமிடமாம்! வண்டி நிறுத்தத்திலிருந்து நடந்துபோய்ச் சேரவே பாதி போச்சு, மீதியில் செல்ஃபி குச்சிகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதற்குள் அந்த மனுஷர் கொடியை ஆட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அதே கரையில் பாலம் மாதிரி நின்று 1990-ல் பாதி இடிந்த லண்டன் பிரிட்ஜ் பாறைக்கு நேரமே இல்லையாம். சரி, திரும்பும்போதாவது கடல் தெரியும் என்று ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தேன். பஸ் உள்நாட்டுச் சாலையில் திரும்பியது, வழியெல்லாம் கும்மிருட்டு.