முட்டை ராக்கெட்டை மறந்துவிட்டீர்களே!
அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சின்ன மாதிரி ராக்கெட்டுகளை (model rocket) விடும் ஆர்வம் தேய்ந்துவருகிறது என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. மனிதன் நிலவுக்குப் போன அப்பல்லோ காலத்து மோகம் இப்போது இல்லை. ஹாபி கடைகள் பல மூடிவிட்டன, ஊருக்குள் திறந்தவெளி கிடைப்பதும் கஷ்டம். ஆனால் 2003-இலிருந்து நடக்கும் பள்ளி மாணவர் போட்டியைக் கட்டுரையாளர் தொடவே இல்லையே! ராக்கெட்டில் முட்டையை ஏற்றி, குறித்த உயரத்துக்கு அனுப்பி, குறித்த நேரத்தில் உடையாமல் இறக்க வேண்டும். ராக்கெட்டுக்குள் பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத காகிதத்தை ஒழுங்காகத் திணிக்காவிட்டால், பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்தின் சூட்டில் அதன் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆம்லெட்தான்! ராக்கெட்டை மேலே தள்ளும், ஒரு தடவைதான் பயன்படும் எஸ்டெஸ் நிறுவன மோட்டாரின் விலையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒவ்வொரு தடவை விடும்போதும் புது மோட்டார் என்றால் பையன்களின் கைக்காசு எத்தனை நாள் தாங்கும்?