பாட்டி கையில் பணம் கொடுத்தால் சாராயக் கடைக்குத்தான் போகுமா?

"ஆப்பிரிக்காவில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் உறவினர்களிடம் பணம் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள், விடுதி கட்டுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

உறவினர் கையிலேயே பணம் கொடுக்கும் திட்டத்தைக் கென்யா 2004-லேயே செய்து பார்க்கத் தொடங்கியது. ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும், அதில் பெற்றோரை இழந்த அல்லது நலிந்த நிலையில் உள்ள பிள்ளை இருக்க வேண்டும். ஊர்க்குழு பட்டியலிடும், ஊர்க்கூட்டத்தில் சரிபார்க்கும். பின்னாளில் உதவித்தொகை மாதம் 2,000 ஷில்லிங்காக உயர்ந்தது. அப்போது அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 4,000 ஆகக் கொடுத்தார்கள். திட்டத்தை மதிப்பிட்டவர்கள் கண்டது, உணவுச் செலவு கூடியிருந்தது; மது, புகையிலைச் செலவு கூடவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த உலக வங்கி அறிக்கையும் (2014) மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்றுதான் சொல்கிறது.

கோளாறு இல்லாமல் இல்லை, ஆனால் அது வேறு இடத்தில். தொகை குடும்பத்துக்குத்தான், தலைக்கு அல்ல. ஒரு பேரனை வளர்ப்பவருக்கும் ஐந்து பேரை வளர்ப்பவருக்கும் அதே 2,000. பணம் வாங்க விரல்ரேகை வைக்க வேண்டியிருந்த காலத்தில், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலின் ரேகையைக் கருவி ஏற்காமல் போய்ப் பாட்டி வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. அவர் இறந்துவிட்டால், மாற்றுப் பாதுகாவலர் பெயர் ஏறும்வரை பணம் நிற்கும். அதனால் பதிவின்போதே இரண்டாவது ஆளின் அடையாள அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.

விடுதி? அநாதை எனக் கணக்கிடப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்; அவர்களுக்குத் தேவை விடுதி அல்ல, வீட்டுக்கு உதவி.