நீண்ட மூக்கும் மூன்றாவது பொத்தானும்

பொறுமையைப் பற்றி ஒரு பதிவு போடப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். சரி, சிரிக்கட்டும். எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். சுமார் 1800 வருஷத்துக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பொறுமையைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். என்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசத் துணிந்துவிட்டேன், நோயாளி ஓயாமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவானே அந்த மாதிரி என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டவர் திருந்தினாரா என்றால் அதுவும் இல்லை. பிற்பாடு, சபையின் கண்டிப்பு போதவில்லை என்று மொந்தானியர் என்ற கடுமையான பிரிவினர் பக்கம் போய்விட்டார். அவரே எழுதலாம் என்றால் நானும் எழுதலாம்.

என் மனத்தாங்கல் இதுதான். நம் சபைகளில் பொறுமை எப்போதும் கீழே இருப்பவர்களுக்குத்தான் பிரசங்கிக்கப்படுகிறது. மருமகளுக்குச் சொல்வோம், மாமியாருக்குச் சொல்ல மாட்டோம். சம்பளம் வராத வேலைக்காரனுக்குச் சொல்வோம், சம்பளம் தராதவருக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைப்போம்.

என் சித்தி ஒருத்தி. சித்தப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஒருநாள் உதட்டில் ரத்தக்கட்டோடு சபைப் போதகரான ஐயர் வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர்தான், ஜெபித்து, காப்பி கொடுத்து, "யோபைப் பாரும்மா, எவ்வளவு பொறுமை" என்று சொல்லி அனுப்பினார். சித்தியும் யோபைப் பார்த்தபடியே பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள்.

யோபைப் பார் என்று சொல்கிறவர்கள் வேதாகமத்தில் யோபு புத்தகத்தை எவ்வளவு தூரம் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் இரண்டு அதிகாரத்தில்தான், பிள்ளைகளும் சொத்தும் சுகமும் போன பிறகும் முணுமுணுக்காத, நமக்குத் தெரிந்த அந்த அடக்கமான யோபு. மூன்றாம் அதிகாரம் தொடங்கும்போதே மனுஷன் வாயைத் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்கப்புறம் முப்பத்திச் சொச்சம் அதிகாரம் வாக்குவாதம், முறையீடு, வழக்கு. அவரை அடங்கிப்போகச் சொன்ன சிநேகிதர்களைப் பார்த்துத்தான் கடைசியில் கர்த்தர், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். சத்தம் போட்டவர் பேசினது சரி, ஆறுதல் சொன்னவர்கள் பேசினது தப்பு. இந்த ஒரு வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

யாக்கோபு நிருபமும் நம் கையில் அதே பாடுதான் படுகிறது. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கிற பயிரிடுகிறவனைக் காட்டி, "கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்" என்கிற ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை எடுப்போம். அந்த வசனமே "இப்படியிருக்க" என்றுதானே தொடங்குகிறது? எப்படியிருக்க? மூன்று வசனம் மேலே போனால் தெரியும். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த ஐசுவரியவான்களை யாக்கோபு அங்கே வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறதாம். முதலாளியை நிற்கவைத்துக் கேட்டு முடித்த பிறகுதான் கூலிக்காரனிடம் திரும்பிப் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஸ்டிக்கர் அடித்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

முரட்டு எஜமான்களுக்கும் கீழ்ப்படியச் சொல்லி பேதுரு எழுதியிருக்கிறாரே என்று கமென்டில் யாராவது கேட்பீர்கள். எழுதியிருக்கிறார், இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடுபடுகிறவர்களுக்குப் பாடுபடுகிற ஒருவர் எழுதியது அது. அதே வசனத்தை எஜமான் எடுத்து வாசித்தால் அதன் ருசியே மாறிவிடும்.

இனி மூக்குக்கு வருகிறேன். யாத்திராகமம் 34-ல் கர்த்தர் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகும்போது தம்மைப் பற்றிக் கூறுகிற குணங்களில் ஒன்று "நீடிய சாந்தம்". எபிரெயத்தில் அது எரெக் அப்பாயிம். அப்படியே சொன்னால் 'மூக்கு நீண்டவர்'. எபிரெயத்தில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்தான். கோபம் வந்தால் மூச்சு சூடாகும், மூக்கு விடைக்கும், அவ்வளவுதான் காரணம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், 'அவனுக்கு மூக்கு நுனியில் கோபம்' என்று நாமே தினமும் சொல்கிறோம். நீண்ட மூக்கு என்றால் கோபம் நுனிக்கு வந்துசேர நேரமாகும். நீதிமொழிகள் 14:17-ல் "முற்கோபி" என்று நாம் வாசிப்பவன் எபிரெயத்தில் மூக்கு குட்டையானவன்.

புதிய ஏற்பாட்டில் ஆவியின் கனியில் வருகிற "நீடியபொறுமை"யும் இதே குடும்பம்தான். கிரேக்கத்தில் மக்ரோதுமியா, நீண்ட கோபம், அதாவது வந்துசேரவே நேரமாகிற கோபம் என்றே சொல்லலாம். பாரத்துக்குக் கீழே அசையாமல் நிற்பதற்கு ஹுப்பொமொனே என்று தனிச்சொல் இருக்கிறது. யோபின் பொறுமை என்று யாக்கோபு சொல்வது அதைத்தான். தமிழில் இரண்டும் பொறுமைதான், அதனால்தான் நமக்குக் குழம்பிப்போகிறது.

மூக்கின் நீளம் யாருக்குத் தேவைப்படும்? தண்டிக்கக் கையில் பலம் இருப்பவனுக்கு. மத்தேயு 18-ல் ராஜாவின் காலில் விழுகிறவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி! "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்கிறான். ராஜா கடனையே தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு நாள் கூலி தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த ஏழையும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் கெஞ்சுகிறான். பொறுமை இங்கே கடன் கொடுத்தவனிடம் கேட்கப்படுகிற பொருள். கடன்பட்டவனுக்குச் சொல்லப்படுகிற புத்திமதியாக அது அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

இதை வைத்து என்னை நானே அளந்து பார்த்தேன். அளவு கேவலமாக இருந்தது. போன மாதம் ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக ஒண்ணேகால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி டீ குடித்தார், போன் பேசினார், எழுந்து போனார், வந்தார். நான் புன்னகை மாறாமல் இருந்தேன். என்ன பொறுமை, என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் பத்து நிமிஷம் தாமதம். அவனிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆக, காலையில் என்னிடம் இருந்தது பயம். சாயங்காலம் பேசியவன்தான் நிஜமான நான்.

அப்புறம் அப்பா. வயது 83, நாலைந்து வருஷமாகக் கைநடுக்கம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆராதனைக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பார். மேலிருந்து தொடங்குவார். மூன்றாவது பொத்தானில் நான் பொறுக்கமாட்டாமல், "கொடுங்க, நான் போடுறேன்" என்று கையைத் தட்டிவிட்டு மடமடவென்று போட்டுவிடுவேன். உதவி செய்கிறேன் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்கு ஒண்ணும் அவசரமில்லலே. ஒனக்குத்தான்."

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான இந்த லெந்து காலத்தில் வீட்டில் ஆளுக்கொன்றை விட்டார்கள், ஒருத்தி சிக்கன், ஒருத்தன் ரீல்ஸ். ஆறு ஞாயிறும் அப்பாவின் பொத்தானைத் தொடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு பதினாலு நிமிஷம். பெருவிரலால் பொத்தானின் விளிம்பைத் தள்ளுவார், அது துளையின் வாய்வரை வரும், விரல் நடுங்கும், நழுவிவிடும். துணியைத் திரும்ப இழுத்துச் சமன் செய்வார். நடுவில் கையை மடியில் வைத்து இளைப்பாறிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்ப்பார். அவருக்கு ஒரு அவஸ்தையும் இல்லை. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தேன். கனி கொடுக்காத அத்திமரத்தை வெட்ட வேண்டாம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று லூக்காவில் ஒரு தோட்டக்காரன் சொல்வானே, அவனுக்காவது கையில் ஒரு மண்வெட்டி இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவர் எல்லாவற்றையும் போட்டு முடித்தபோது கீழே ஒரு துளை மட்டும் மீந்து நின்றது. மேலேயே ஒன்று மாறியிருக்கிறது. பார்த்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்தது. "போவோமா" என்று அவர் கைத்தடியை எடுத்தார். சரி, கோயிலில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் செருப்பை மாட்டினேன்.

வாசலில் பைக் கண்ணாடியில் குனிந்து தலையைச் சரி செய்தவர், காலர் ஏறி இறங்கி நிற்பதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் உள்ளே திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். கோயிலில் ரெண்டாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்தேன்.