பாதியில் கிடக்கும் புடவைப் போர்வை

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளை மூன்று அடுக்காக விரித்துக் கையால் தைக்க ஆரம்பித்த போர்வை, வருஷக்கணக்காகப் பாதியிலேயே கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே பாட்டு: "மெஷின்ல ஓட்டிட்டா முடிஞ்சுதே!" எரிச்சலாக வருகிறது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி அது. மெஷின் ஊசி நெருக்கமாகக் குத்தினால் தையல் ஓரமாகவே கிழியும். வங்காளத்தில் காந்தா போர்வைகளைப் பழம்புடவைகளில் கையோட்டமாகத்தான் தைத்தார்கள், நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவி.

எனக்குக் கடை நூல்தான். அதிலும், தீர்ந்துபோன அரக்கு நிறத்தைக் கேட்டால், ரோஸ் அடிக்கிற கண்டு ஒன்றை நீட்டி, "துவைச்சா சரியாயிடும்" என்கிறார்கள். எப்படிச் சரியாகும்? பக்கத்தில் வைத்தாலே பளிச்சென்று தெரிகிறதே! அந்த அரக்கு கிடைக்காமல் ஒரு தையல்கூடப் போடுவதாக இல்லை.