பில் ஓரைலி பாக்லாந்து தீவுப் போர்க்களத்தில் நின்றாரா?

அமெரிக்கத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸில் விவாத நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த பில் ஓரைலி, 1982இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த பாக்லாந்து தீவுப் போரைக் களத்தில் நின்று செய்தியாக்கினார் என்றும், அதை மறுத்த பத்திரிகையாளர் டேவிட் கார்ன் பொறாமையால் பொய் சொன்னார் என்றும் ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

அப்போது சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் செய்தியாளராக இருந்த ஓரைலி பணியாற்றியது அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸில். சண்டை நடந்த தீவுகள் அங்கிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படை சரணடைந்த பின் தலைநகரில் வெடித்த கலவரத்தைத்தான் அவர் பார்த்தார். கலவரம் கடுமையானதே, அந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது போர்க்களம் அல்ல. அது போர்க்களம் அல்ல என்றே அவருடன் அங்கிருந்த சிபிஎஸ் செய்தியாளர் எரிக் எங்பர்க்கும் சொன்னார்.

அமெரிக்காவின் மதர் ஜோன்ஸ் இதழின் வாஷிங்டன் பிரிவுத் தலைவரான கார்ன், 2015 பிப்ரவரியில் எழுதிய கட்டுரையில் தம் ஊகத்தைச் சார்ந்து எழுதவில்லை. பாக்லாந்து போர் பற்றி ஓரைலி பல ஆண்டுகளாகக் கூறிவந்தவற்றையே எடுத்துவைத்தார். தீவில் இருந்ததாகத் தாம் சொன்னதே இல்லை என்று ஓரைலி பதிலளித்தார், கார்னைக் கடுமையாக வசைபாடவும் செய்தார். 2001இல் வந்த ஓரைலியின் நூலோ, தாம் களத்தில் நின்று செய்தி தந்த போர்ப் பகுதிகளின் வரிசையில் பாக்லாந்தையும் சேர்த்திருந்தது.

கார்னுடனான இந்தச் சர்ச்சையால் ஓரைலி வேலை இழந்தார் என்பதும் சரியல்ல. பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வெளிவந்த பிறகு, 2017 ஏப்ரலில்தான் ஃபாக்ஸ் அவரை விலக்கியது.