ஸ்விக்கியை விட்டுவிடுங்கள், பாவம்

ஜூனியர் டிசைனர் வேலை ஒன்றுக்கு வந்த போர்ட்ஃபோலியோக்களை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்புகளை, இரண்டு நாளாக உட்கார்ந்து பார்த்தேன். ஸ்விக்கி ரீடிசைன், ஸ்பாட்டிஃபை ரீடிசைன், ஐஆர்சிடிசி ரீடிசைன், திரும்பவும் ஸ்விக்கி. முதலில் டிசைன் படிகளைக் காட்டும் டபுள் டயமண்ட் படம், அடுத்து எங்கிருந்தோ எடுத்த சிரித்த முகத்தோடு ஒரு பெர்சோனா (கற்பனைப் பயனர்), மஞ்சள் ஸ்டிக்கி நோட், கடைசியில் பளபளவென்று இருபது ஸ்கிரீன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று செய்தவருக்கே தெரியாது.

பசங்களை மட்டும் திட்டிப் பயனில்லை, கோர்ஸ் நடத்துகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரே டெம்ப்ளேட்டைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் ஸ்விக்கியை ரீடிசைன் செய்யும்போது உங்களிடம் அவர்கள் டேட்டா கிடையாது, அந்த பட்டன் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது, "இதெல்லாம் பண்ண முடியாது பாஸ்" என்று சொல்ல ஒரு டெவலப்பர்கூட பக்கத்தில் இல்லை. யாருமே தடுக்காத இடத்தில் நீங்கள் எப்படி முடிவெடுப்பீர்கள் என்பதை நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அந்தக் குவியலில் ஒரு பையன் பால் சீட்டு வைத்திருந்தான். ஆமாம், ஊரில் பால் ஊற்றினால் மெஷினிலிருந்து வருமே, அந்தத் துண்டுச் சீட்டு. அவன் அம்மாவுக்கு விடிகாலை வெளிச்சத்தில் அதைப் படிக்க முடியவில்லை, அங்கிருந்துதான் ஆரம்பம். ரோல் 58 மி.மீ. அகலம், அதில் 48 மி.மீ. தான் பிரிண்ட் ஆகும், குறுக்கே மொத்தமே 384 புள்ளி. சின்ன எழுத்தில் அடித்தால் ணகரமும் னகரமும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. அந்தக் குழம்பிய சீட்டையே போட்டோ எடுத்து முதல் பக்கத்தில் வைத்திருந்தான்.

முதல் டிசைனில் ரூபாயைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். பால் ஊற்ற வந்தவர்களிடம் காட்டினால், "ஃபேட் எங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார்கள். விலையை முடிவு செய்வதே கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மீதித் திடச்சத்து) தான், பால் சொசைட்டியில் தகராறு வருவதும் அந்த எண்ணில்தான். ரூபாயைக் கீழே இறக்கி, ஃபேட்டை மேலே ஏற்றி, லோகோவைத் தூக்கிவிட்டான். தூக்கியதால் சீட்டு எவ்வளவு குட்டையானது என்று ஸ்கேல் வைத்து ஒரு படம் வேறு.

கலர் இல்லை, அனிமேஷன் இல்லை, மொத்தம் ஆறே பக்கம். இன்டர்வியூவில் நாங்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான். வேலை அவனுக்குத்தான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றால், என்னுடைய முதல் போர்ட்ஃபோலியோவில் 46 வேலை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், லோகோ என்று கைக்கு வந்ததையெல்லாம் திணித்திருந்தேன். எதிரே இருந்தவர் நடுவில் ஒன்றைக் காட்டி, "இதுல நீங்க செஞ்சது எது, டீம் செஞ்சது எது?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மூன்று வேலை போதும், ஒவ்வொன்றிலும் உங்கள் கை பட்டது எது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கம்பெனி வேலை, வெளியே காட்டக்கூடாது என்று என்டிஏ ஒப்பந்தம் இருக்கிறது என்றால் அந்த ஸ்கிரீனை விட்டுவிடுங்கள், தெரு முனை ஜெராக்ஸ் கடை விலைப் பட்டியலை எடுத்துச் செய்யுங்கள். கடைக்காரர் "இது வேணாம்பா" என்று சொன்னதையும் சேர்த்துப் போடுங்கள், நான் முதலில் படிப்பது அதைத்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நாங்கள் பாதி நேரம் போனில்தான் பார்க்கிறோம், அதுவும் மீட்டிங்குக்கு நடுவில். அனுப்புவதற்கு முன்னால் லிங்க்கை அம்மா போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள். இன்று காலையில்கூட ஒன்று வந்தது, கவர் லெட்டர் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆசையாகத் தட்டினேன். கூகுள் டிரைவ், அனுமதி கேட்கச் சொல்கிறது.