படகில் வந்தாலே குற்றவாளியா?

"படகில் வந்து தஞ்சம் கேட்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள், பிடித்துச் சிறையில் போடலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 31ஆவது பிரிவைப் பாருங்கள்: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டிலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய், தகுந்த காரணமும் சொல்லும் அகதியை, அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது. ஆபத்துக்கே திருப்பி அனுப்புவதை 33ஆவது பிரிவு தடுக்கிறது, மிகச் சில விதிவிலக்குகளோடு.

சரி, விமானத்தில் வரலாமே என்கிறார்கள். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் பல நாடுகளில் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் கவுன்ட்டரிலேயே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் ஒழுகும் படகில் ஏறுவது வேறு வழியே இல்லாததால்தான். அந்தப் படகு கடலில் தத்தளித்தால், உள்ளே இருப்பவர் யார் என்று பார்க்காமல் காப்பாற்றுவது கப்பல் கேப்டனின் சட்டக் கடமையும்கூட.